செட்டில்

டயர் கடைக்கு மேல்மாடி.
ரப்பர் வாசம் படியேறி வரும்,
ஒரு பால்மரம்கூட மிச்சமில்லாத ஊரில்.
வக்கீல் இங் அறைக்கு வெளியே என் மேசை.
பதினோரு வருடமாக
முடிந்த கோப்புகளின் முதுகில்
நான் எழுதும் ஒரே சொல்
செட்டில்.

அதை நான் கற்றது இங்கே அல்ல.
பாடாங் செராய் சாலை வளைவில்,
அண்ணன் மோட்டாருக்குப் பின்னால், தொப்பி இல்லாமல்.
சமன் புத்தகத்தைத் திறந்தவர்
எழுதாமல் மூடினார்.
'மாச்சாம் மானா, செட்டில்?'
ஐம்பது வெள்ளி.
நான்காய் மடித்தால்
உள்ளங்கைக்குள் ஒளியும் சொல் அன்றைக்கு.

பிறகு அதற்குக் கைகால் முளைத்தது.
தவமலர் அக்கா மகன் சிங்கப்பூரில் செட்டில்.
விடிகாலை நாலு மணிக்குப்
பாலத்தில் மோட்டாரோடு நிற்பான்,
ராத்திரி பத்துக்கு அதே பாலத்தில்.
பாலத்தில்தான் செட்டில்.
சன்னாசி வீட்டுச் சுவரில்
சிவப்புச் சாயம் வாரி இறைத்துவிட்டு
வட்டிக்காரப் பையன்கள் சொன்னதும் அதுதான்,
வெள்ளிக்கிழமைக்குள் என்று நாள் மட்டும் சேர்த்து.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
இரண்டு கூட்டம் மோதி,
ஒருத்தன் புருவத்தில் பன்னிரண்டு தையல்.
கேட்டால், 'செட்டிலாயிடுச்சிலா.'

தோட்டத்தை விற்றபோது
மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.
கோட்டு போட்டவர் செட்டில்மெண்ட் என்றார்.
மைக் பிடித்தவர் தமிழில் 'தீர்வு' என்றார்.
பின்வரிசையிலிருந்து ஜீவரத்தினம்,
செம்பனைக் குலை வெட்டும் குரலில்:
'தீர்வா? இல்ல தீர்த்துக் கட்டுறதா?'
சிரித்தோம்.
சிரித்துக்கொண்டே வரிசையில் நின்று
கையெழுத்துப் போட்டோம்.

பதினெட்டாயிரம் வெள்ளி. ஒரு மலிவு வீடு.
மூன்றாம் மாதம் சமையலறைச் சுவரில் வெடிப்பு.
குத்தகைக்காரர் ஆ ஹெங் வந்து தட்டிப் பார்த்தார்.
தோட்டத்துச் சாமான் கடையில் வளர்ந்த தமிழ் அவருக்கு.
'பயப்படாத மா. வீடு புதுசு.
அடியில மண்ணு இன்னும் செட்டில் ஆவல.'
வெடிப்பின் இரு கரையிலும்
பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன்.
இப்போது அங்கே ஏழு தேதிகள்.
கடைசித் தேதிக்கு நாற்காலி தேவைப்பட்டது.

பசாரில் மீன் நிறுக்கும்போதுகூட
யாராவது கேட்டுவிடுவார்கள்:
'நீ எப்பத்தான் செட்டில் ஆவப் போற?'
எனக்கு முப்பத்தொன்பது.
மோட்டார் கடன் முடிந்தது. பல் கட்டியாயிற்று.
ஊரில் பாதிப்பேரின் விவகாரத்தில்
அந்தச் சொல்லை எழுதியவள் நான்.
'மண்ணே இன்னும் ஆவலயே' என்பேன்.
புரியாமல், ஒரு கெம்போங் மீனைக்
கூடுதலாகப் போடுவார்கள், பாவம் என்று.

நேற்று ஆரோக்கியமேரி வந்தார்.
புருஷன் குலை லாரிக்கு அடியில் போய்
நாலு வருடம், ஏழு தவணை, இரண்டு நீதிபதி.
காசோலையை வாங்கி
ரவிக்கைக்குள் வைக்காமல்
மேசைமேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
நான் கோப்பைத் திருப்பிப் பேனாவைத் திறந்தேன்.

'என்னா எழுதுற?'
சொன்னேன்.
'அப்படின்னா?'
நாக்கு நுனிக்கு நாலைந்து அர்த்தம் வந்தது.
முடிந்தது என்றேன்.
'இனிமே அவரு பேரச் சொல்லி
யாரும் என்னையக் கூப்புட மாட்டாங்களா?'
மாட்டாங்க.
'வக்கீலு, கோர்ட்டு, இந்த மாடிப்படி?'
ஒண்ணும் இல்லை.

காற்றாடி ஒரு சுற்று வந்தது.
காசோலை ஓரம் தூக்கி அடங்கியது.

'அப்ப கொஞ்சம் மெதுவா எழுதும்மா.'

'செ' எழுதியிருந்தேன்.
புள்ளி வைக்க வேண்டிய 'ட்' வரை வந்து
பேனாவை மூடினேன்.
கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்,
நிற்பதும்
மறுபடி தொடங்குவதுமாக.